பின்நவீனத்துவமும் கடவுளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்நவீனத்துவம் என்ற சொல்லை நம்மில் பலர் இலக்கியக் கூட்டங்களில்தான் முதலில் கேட்டோம். தொண்ணூறுகளின் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் அதைச் சுற்றிப் பெரிய சண்டையே நடந்தது. கவிதை, நாவல், சாதி, மார்க்சியம் என்று அந்தச் சண்டை போன தூரம் அதிகம். கடவுளைப் பற்றிய பேச்சுக்கு அதில் கிடைத்த இடம் குறைவு. மேற்கிலோ பிரெஞ்சு மெய்யியலாளர்களான தெரிதாவையும் லெவினாஸையும் வரிக்கு வரி ஊன்றிப் படித்தவர்களில் இறையியலாளர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். வாசிப்பு வட்டங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். அதை மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

பின்நவீனத்துவம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. தொடங்குவதற்கு ஓர் இடம் மட்டும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநில அரசின் பல்கலைக்கழகக் குழு, அறிவின் இன்றைய நிலை பற்றி பிரெஞ்சு மெய்யியலாளர் ழான்-பிரான்சுவா லியோதாரிடம் ஓர் அறிக்கை கேட்டது. அது 1979இல் புத்தகமாக வந்தது. விஞ்ஞானம் மனித குலத்தை முன்னேற்றுகிறது, வரலாறு விடுதலையை நோக்கிப் போகிறது என்பவை போன்ற பெரிய கதைகளின் தோளில் ஏறித்தான் நவீன அறிவு நின்றது. அந்தக் கதைகளைப் பழையபடி நம்ப இனி முடியவில்லை என்றார் லியோதார். தமிழில் நாம் பெருங்கதையாடல் என்று சொல்வது இதைத்தான். அவுஷ்விட்ஸ் மரண முகாமும் ஹிரோஷிமா அணுகுண்டும் படிப்பறிவில் உச்சத்தில் இருந்த நாடுகளின் கைகளால் நடந்தவை. இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பைபிளும் ஒரு பெருங்கதையாடல்தானே? அதுவும் விழுந்துவிட்டதா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

அமெரிக்கச் சீர்திருத்தச் சபை மரபில் நின்று எழுதும் ஜேம்ஸ் கே. ஏ. ஸ்மித் போன்றவர்கள் இல்லை என்கிறார்கள். லியோதார் குறிவைத்தது வெறுமனே பெரிதாக இருக்கும் கதைகளை அல்ல. கதையாக இருந்துகொண்டே, தான் கதை இல்லை, எல்லாருக்கும் பொதுவான பகுத்தறிவு என்று சொல்லிக்கொண்டவற்றையே அவர் குறிவைத்தார். பைபிள் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. கேள், நம்பு, பின்பற்று என்று அழைக்கிறது. அதனால் லியோதாரின் அடி அதன்மேல் விழவில்லை, பகுத்தறிவின் பெயரால் மதத்தை விசாரித்த நீதிபதியின் நாற்காலிதான் ஆடிப்போயிற்று என்பது இவர்கள் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லியோதாரே பின்னர் எழுதிய ஒரு கட்டுரையில், ஆதிபாவத்திலிருந்து அன்பினால் மீட்பு என்ற கிறிஸ்தவக் கதையைப் பெருங்கதையாடல்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார். வரலாறும் அவர் பக்கம் பேசுகிறது. அந்தக் கதை அழைப்பாக மட்டுமே போன இடங்கள் உண்டு. கப்பலும் துப்பாக்கியும் துணைக்கு வர, வேறு கதைகளைத் துடைத்தெறியப் போன இடங்களும் உண்டு. கதையை யார், எந்த அதிகாரத்தோடு சொன்னார்கள் என்று பார்க்காமல் இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது.

'கடவுள் இறந்துவிட்டார்' என்று நீட்சே சொன்னதோடு எல்லாம் முடிந்துவிட்டது இல்லையா?

அந்த வரி வரும் இடத்தைப் பாருங்கள். ஜெர்மன் மெய்யியலாளர் நீட்சேயின் 1882இல் வந்த புத்தகம் அது. பட்டப்பகலில் விளக்கைக் கொளுத்திக்கொண்டு ஒரு பைத்தியக்காரன் சந்தைக்கு ஓடி வருகிறான், கடவுளைத் தேடுகிறேன் என்று கத்துகிறான். சுற்றி நின்று சிரிப்பவர்கள் பக்தர்கள் இல்லை, ஏற்கெனவே கடவுளை நம்பாதவர்கள். அவர்களிடம்தான் அவன் சொல்கிறான்: நாம்தான் அவரைக் கொன்றோம், அதன் பொருள் இன்னும் உங்களுக்கு உறைக்கவில்லை என்று. கடவுளைக் கழற்றிவிட்டு, அவர் தாங்கிக்கொண்டிருந்த உண்மை, ஒழுக்கம், முன்னேற்றம் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கு வந்த எச்சரிக்கை அது. இந்தக் காட்சியை நாத்திகத்தின் வெற்றிக் கொடியாக மேடையில் காட்டுபவர்கள், சிரித்த கூட்டத்தில் தாங்களும் நிற்பதைக் கவனிப்பதில்லை.

1960களில் அமெரிக்காவில் தாமஸ் ஆல்டைசர், வில்லியம் ஹாமில்டன் போன்ற இறையியலாளர்கள் இந்த வரியை எடுத்துக்கொண்டார்கள். 1966 ஏப்ரல் 8 தேதியிட்ட டைம் வார இதழ், கறுப்பு அட்டையில் சிவப்பு எழுத்துகளில் கடவுள் இறந்துவிட்டாரா என்று மட்டும் கேட்டது. படம் இல்லை. ஆல்டைசர் சொன்னது வெறும் மறுப்பு அல்ல. கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியதை முழுமூச்சாக எடுத்துக்கொண்டு, பரலோகத்தில் இருந்த கடவுள் மிச்சமின்றி உலகத்துக்குள் இறங்கிவிட்டார் என்றார். எனக்கு அது தாண்ட முடியாத தாவலாகத் தெரிகிறது. ஆனால் பின்னால் வந்த பலருக்குக் கதவு அங்கேதான் திறந்தது.

இறையியலாளர்கள் ஏன் இதை வரவேற்க வேண்டும்? தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வைப்பதா?

எரிந்தது எந்த வீடு என்று பார்க்க வேண்டும். 1957இல் ஆற்றிய ஒரு விரிவுரையில் ஜெர்மன் மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கர், மேற்கத்திய மெய்யியல் கடவுளைத் தன் அமைப்பின் உச்சிக்கல்லாக ஆக்கிவிட்டது என்றார். எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும், அந்தச் சங்கிலி எங்காவது முடிய வேண்டும், ஆகவே தானே தனக்குக் காரணமான ஒன்று வேண்டும். அதற்குக் கடவுள் என்று பெயர். இப்படிப்பட்ட கடவுளிடம் மனிதன் வேண்டிக்கொள்ள முடியாது, பலி செலுத்த முடியாது, அதன் முன் மண்டியிடவோ ஆடிப் பாடவோ முடியாது என்றார் அவர்.

ஹைடெக்கர் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போவது சரியல்ல. அந்தக் கறையோடுதான் அவரைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இந்தக் கவனிப்பு கூர்மையானது. அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே, 1654இல் ஓர் இரவு கிடைத்த அனுபவத்தைப் பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் ஒரு தாளில் எழுதி, தன் மேலங்கியின் உள்ளே தைத்து வைத்துக்கொண்டார். ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள், மெய்யியலாளர்களின் கடவுள் அல்ல என்பது அதில் உள்ள வரி. கணக்கை முடிக்க வைத்த கடவுள் வேறு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் கடவுள் வேறு. முதலாவது போனதற்காக விசுவாசி எதற்கு அழ வேண்டும்?

ழான்-லுக் மாரியோன் 'விக்கிரகம்' என்று கண்டிப்பது நம் கோயில் சிலைகளையா?

இல்லை. இந்தக் குழப்பம் தமிழில் அடிக்கடி வருகிறது, காரணமும் சொல்தான். பிரெஞ்சுக் கத்தோலிக்க மெய்யியலாளரான மாரியோன் 1982இல் வெளியிட்ட நூலில், விக்கிரகம், திருவுருவம் என்று இரண்டைப் பிரிக்கிறார். இரண்டும் ஒரே மரத்தில், ஒரே கல்லில் இருக்கலாம். வேறுபாடு பார்வையில். நம் பார்வை ஒன்றின்மேல் போய் விழுந்து, நிறைந்து, அங்கேயே நின்றுவிட்டால் அது விக்கிரகம். அது கண்ணாடியைப் போல, நாம் எவ்வளவு பார்க்க முடியுமோ அதையே நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. திருவுருவத்தில் நாம் பார்ப்பதைவிடப் பார்க்கப்படுகிறோம். பார்வை அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

அவரைப் பொறுத்தவரை மிக ஆபத்தான விக்கிரகம் கல்லில் இல்லை, கருத்தில் இருக்கிறது. கடவுள் என்றால் முதற்காரணம், கடவுள் என்றால் ஒழுக்கத்தின் காவலர் என்று ஒரு வரையறையில் அடைத்தவுடன் அது விக்கிரகம் ஆகிவிடுகிறது. இருக்கிறார் என்ற சொல்கூடக் கடவுளுக்குச் சிறியது, அன்பு என்ற பெயரே முதலாவது என்கிறார்.

மாரியோன் எழுதாத ஒன்றை இங்கே நான் சேர்க்கிறேன். கோயில் சிலைக்குக் கடைசியில் கண் திறக்கும் சடங்கு உண்டு, நயனோன்மீலனம் என்பார்கள். அதன்பின் தரிசனம் என்பது நாம் சாமியைப் பார்ப்பது மட்டுமல்ல, சாமி நம்மைப் பார்ப்பதும்தான். மாரியோனின் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால், நூற்றாண்டுகளாக விக்கிரகம் என்று பிரசங்கிகள் திட்டிய பல சிலைகள் திருவுருவத்தின் பக்கம் போய் நிற்கும். தெளிவான இறையியல் வாய்ப்பாட்டைக் கையில் வைத்திருக்கும் பிரசங்கிதான் தன் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தெரிதா சொல்வது நம் 'நேதி நேதி'தானே? நம்மிடம் எப்போதோ இருந்தது இல்லையா?

இதுவல்ல, இதுவல்ல என்று மறுத்துக்கொண்டே போகும் உபநிடதத்தின் 'நேதி நேதி' போன்ற பழைய ஒற்றுமையைப் பார்த்ததும் மனம் குளிர்வது இயல்பு. ஆனால் அவசரப்பட வேண்டாம்.

தெரிதாவின் எழுத்து இதல்ல, அதுவுமல்ல என்று நழுவிக்கொண்டே போவதைப் பார்த்து, இது கடவுள் எது அல்ல என்று மட்டுமே சொல்லும் எதிர்மறை இறையியல்தான் என்று மேற்கிலேயே சிலர் சொன்னார்கள். 1986இல் ஜெருசலேமில் ஆற்றிய உரையில் தெரிதா அதற்குப் பதில் சொன்னார். கிரேக்கக் கிறிஸ்தவ மரபின் போலி தியோனீசியுஸ் போன்றவர்கள் கடவுளைப் பற்றி எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே போனாலும், கடைசியில் எல்லா இருப்பையும் கடந்த மேலான இருப்பு ஒன்றைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறார்கள். தன் எழுத்தில் அப்படிக் காப்பாற்றப்பட்ட ஒன்று கிடையாது என்றார்.

நம்மாழ்வாரின் 'ஆணல்லன் பெண்ணல்லன் அல்லா அலியுமல்லன்' என்ற பாசுரத்தை இந்த வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். உளன் அல்லன், இல்லை அல்லன் என்று இருப்பு, இன்மை இரண்டையும் மறுத்துவிட்டுப் போகிறது. ஆனால் முடிவது வெற்றிடத்தில் இல்லை. பேணுங்கால் பேணும் உருவாகும் என்று திரும்புகிறது. விரும்பிக் கூப்பிட்டால் விரும்பிய உருவில் வருவான். கடைசி வரி, எம்பெருமானைக் கூறுதல் கோணல் நிறைந்த வேலை என்கிறது. இது தெரிதா இல்லை. மாரியோனுக்குக் கொஞ்சம் அருகில் நிற்கிறது, ஏனென்றால் இங்கே மொழி விவரிப்பதை விட்டுவிட்டுத் துதிக்கப் போகிறது. எல்லாம் நம்மிடம் இருந்தது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போகும்.

பிரதிக்கு வெளியே எதுவும் இல்லை என்றால் கடவுளும் வெறும் எழுத்துதானா?

1967இல் வந்த நூலில் உள்ள அந்த வரியைப்போல் தவறாகப் படிக்கப்பட்டது வேறில்லை. மேசை, மலை, கடவுள் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கின்றன என்று தெரிதா சொல்லவில்லை. சூழலுக்கு வெளியே நின்று, மொழியின் இடையீடு இல்லாமல் எதையும் நம்மால் தொட முடியாது என்றே சொன்னார். பைபிளின் சங்கீதங்களுக்கு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உரை எழுதிய யூத, கிறிஸ்தவ மரபுகளுக்கும், திருவாய்மொழிப் பாசுரங்களுக்கு ஈடு என்னும் பேருரை எழுதிய நம் மரபுக்கும் இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை.

தெரிதா நாத்திகரா, ஆத்திகரா?

அல்ஜீரியாவில் எல் பியார் என்ற ஊரில் 1930இல் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தாய் நீஸ் நகரில் மரணப் படுக்கையில் இருந்த காலத்தில் எழுதிய, புனித அகுஸ்தினாரின் 'வாக்குமூலம்' என்ற நூலோடு பின்னிய நூலில், தன்னை நாத்திகர் என்று சொல்வது பொருந்தும் என்கிறார். நான் நாத்திகன் என்று நேராகச் சொல்லவில்லை. அப்படிப் பெயர் போயிருக்கிறது, அது சரியும்கூட என்ற தொனி. அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மகன் இன்னும் கடவுளை நம்புகிறானா என்று அந்தத் தாய்க்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவனிடமே கேட்கத் துணிவில்லாமல் மற்றவர்களிடம் கேட்டாளாம். படித்த பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் நிற்கும் அம்மாக்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1989இல் நியூயார்க்கில் ஒரு சட்டக் கல்லூரியில் பேசும்போது, சட்டத்தைக் கட்டவிழ்க்கலாம், அதாவது அது எப்படிக் கட்டப்பட்டது என்று பிரித்துக் காட்டலாம், நீதியைக் கட்டவிழ்க்க முடியாது என்றார். எந்தச் சட்டமும் நீதி ஆகிவிடுவதில்லை, நீதி எப்போதும் இன்னும் வர வேண்டியதாகவே இருக்கிறது. தீர்க்கதரிசிகளின் குரல் அதில் கேட்கிறது என்று பல இறையியலாளர்கள் சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை, ஆமென் சொல்லவும் இல்லை.

லெவினாஸ் ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்?

ஏனென்றால் அவரிடம் இது அறிவு விளையாட்டாக இல்லை. லிதுவேனியாவில் கௌனாஸ் நகரில் 1906இல் பிறந்த இம்மானுவேல் லெவினாஸ் பிரெஞ்சுப் படைவீரராக ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். லிதுவேனியாவில் இருந்த பெற்றோரும் தம்பிகளும் கொல்லப்பட்டார்கள். காட்டில் வேலை செய்த யூதக் கைதிகளைக் காவலர்கள் மனிதராக மதிக்கவில்லை. வழியில் பார்த்தவர்களும் மதிக்கவில்லை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நாய் மட்டும் காலையும் மாலையும் அவர்களைப் பார்த்துத் துள்ளிக் குரைத்தது. பாபி என்று பெயர் வைத்தார்கள். அந்த நாய்க்கு நாங்கள் மனிதர்கள் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை என்று பின்னால் எழுதினார்.

1961இல் வந்த அவருடைய பெருநூல் எதிரே நிற்பவரின் முகத்திலிருந்து தொடங்குகிறது. முகம் என்றால் மூக்கும் கண்ணும் அல்ல. என் கணக்குக்குள், என் வகைப்பாட்டுக்குள் அடங்காமல், கொல்லாதே என்று என்னைத் தடுத்து நிறுத்தும் ஒன்று. மற்றவரை முழுக்கப் புரிந்துகொண்டேன் என்று நான் சொல்லும் கணத்திலேயே வன்முறை தொடங்கிவிடுகிறது. கடவுளைப் பற்றிய பேச்சுக்கும் அவர் வைக்கும் வாசல் இது ஒன்றுதான்: விதவை, அநாதை, அந்நியர் முகத்தைச் சுற்றிக்கொண்டு கடவுளிடம் போக முடியாது. பின்நவீன இறையியலில் உண்மையாகவே கனம் உள்ள பகுதி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

பலவீனமான கடவுள் என்கிறார்களே, பலவீனமான கடவுளைக் கும்பிட்டு என்ன பயன்?

இத்தாலியரான ஜியானி வத்திமோவும் அமெரிக்கரான ஜான் கபூட்டோவும் இந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரர்கள். தூரின் நகரின் வத்திமோ கத்தோலிக்கராக வளர்ந்தவர், தன்பாலீர்ப்பை மறைக்காதவர், திருச்சபையோடு வாழ்நாள் முழுக்க வாதாடியவர். இன்னும் கடவுளை நம்புகிறாயா என்று தொலைபேசியில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டபோது, நம்புகிறேன் என்று நம்புகிறேன் என்றாராம். 1996இல் வந்த நூலுக்கு அதுவே தலைப்பாயிற்று. கிறிஸ்துவின் வெறுமையாதல் என்பதன் தொடர்ச்சிதான் மேற்கின் மதச்சார்பின்மை, அது மதத்தின் தோல்வி அல்ல என்பது அவர் வாதம். கபூட்டோ 2006 நூலில் இன்னும் ஒரு படி போகிறார். கடவுள் என்பது எல்லாவற்றையும் நடத்தும் சர்வ வல்லமை அல்ல, படை இல்லாத ஓர் அழைப்பு. அழைப்புக்கு உடல் கொடுப்பதா வேண்டாமா என்பது நம் கையில்.

கேள்விக்கு வருகிறேன். குழந்தையை இழந்த ஒருவரிடம் எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பதைச் சாவு வீட்டில் நின்றவர்கள் அறிவார்கள். அந்த இடத்தில் பலவீனமான கடவுள், கூட உட்கார்ந்து அழும் கடவுள், பொய் சொல்லாத கடவுள். அதுவரை நான் கபூட்டோவோடு நிற்கிறேன். ஆனால் அதே சாவு வீட்டில் அந்தத் தாய் என் பிள்ளையை மறுபடி பார்ப்பேனா என்று கேட்கும்போது அவருடைய நூலில் பதில் இல்லை. சிலுவையின் பலவீனத்தைப் பேசிய பவுல் உயிர்ப்பையும் பேசினார். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிப் பாட்டுத்தான்.

'மதம் ஒரு மொழியைப் போன்றது' என்பது யாருடைய கருத்து?

யேல் பல்கலைக்கழகத்தின் லூத்தரன் இறையியலாளர் ஜார்ஜ் லிண்ட்பெக், 1984. மதக் கோட்பாடுகளை உலகம் பற்றிய தகவல்களாகவோ உள்ளத்து உணர்ச்சியின் வெளிப்பாடுகளாகவோ பார்க்காமல், இலக்கணமாகப் பார்க்கச் சொன்னார். இலக்கணம் படித்து யாரும் பேசக் கற்பதில்லை. வீட்டில், தெருவில், பாட்டில் புழங்கிக் கற்கிறோம். விசுவாசமும் அப்படியே வருகிறது.

அவர் தரும் ஓர் எடுத்துக்காட்டு மனதில் தைப்பது. சிலுவைப் போர் வீரன் ஒருவன் கிறிஸ்துவே ஆண்டவர் என்று கத்திக்கொண்டு எதிரியின் மண்டையைப் பிளக்கிறான். அவன் வாயில் அந்த வாக்கியம் பொய் என்கிறார் லிண்ட்பெக். சொற்கள் அதேதான், ஆனால் அந்தச் சொல்லுக்கு உண்மை தரும் வாழ்க்கையை அவன் கை வெட்டிவிட்டது. கடவுளின் பெயரைக் கோஷமாக்கி ஊர்வலம் போகும் எந்தக் கூட்டத்தையும் அளக்க இந்த அளவுகோல் போதும்.

இதன் குறை என்னவென்றால், ஒவ்வொரு மதமும் தன் மொழிக்குள் சுவர் எழுப்பிக்கொண்டு உட்கார இது வழிகாட்டிவிடலாம். ஆங்கிலேய இறையியலாளர் ஜான் மில்பாங்க் 1990இலிருந்து முன்வைத்த தீவிர மரபுவாதத்தில் அந்தச் சுவர் இன்னும் உயரம். சமூகவியலிடம் இறையியல் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்று அவர் சொன்னது சரி. கிறிஸ்தவத்தின் கதையே எல்லாக் கதைகளையும்விட மேல் என்று முடிக்கும்போது, பழைய பெருங்கதையாடல் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை என்ன சொன்னது?

1998 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நம்பிக்கையும் பகுத்தறிவும் பற்றி எழுதிய சுற்றுமடலில் பின்நவீனத்துவத்தைப் பெயர் சொல்லியே பேசினார். கவனிக்கத் தக்கது என்றார். உறுதியான உண்மை எதுவுமே இல்லை என்னும் சூனியவாதத்தை நிராகரித்தார். 2005இல் தாம் திருத்தந்தை ஆவதற்கு முந்தைய நாள் மறையுரையில் கர்தினால் ராட்சிங்கர் (பின்னர் பதினாறாம் பெனடிக்ட்) சார்புவாதத்தின் சர்வாதிகாரம் என்ற தொடரைச் சொன்னார். உண்மை ஆளுக்கு ஆள் மாறும் என்பதே சார்புவாதம். அதே திருச்சபையின் பிள்ளையான மாரியோன் 2008இல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்வானார், அதுவும் கர்தினால் லுஸ்தீஜேயின் இருக்கைக்கு.

எல்லாமே கதை என்றால், வெறுப்பைப் பரப்புகிறவனும் இது என் கதை என்பானே?

சொல்கிறான். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தியாவில் இதை மிகக் கூர்மையாக எழுப்பியவர் அறிவியல் மெய்யியலாளர் மீரா நந்தா. 2003இல் வந்த நூலில் அவர், விஞ்ஞானமும் மேற்கின் ஒரு கதைதான் என்று இடதுசாரி அறிவாளிகள் சொல்லிச் சொல்லி, வேத விஞ்ஞானம் என்று பேசும் இந்துத்துவத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தார்கள் என்று வாதிட்டார். அதற்கு முன்பே 1992இல் மானுடவியலாளர் எர்னஸ்ட் கெல்னர், அடிப்படைவாதத்தைவிடச் சார்புவாதமே தனக்குப் புரியாத எதிரி என்ற தொனியில் எழுதியிருந்தார்.

நந்தாவின் குற்றச்சாட்டில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். ஒரு சேரி எரிக்கப்பட்டால், எரித்தது யார் என்பதற்கு ஓர் உண்மை இருக்கிறது. அதை ஆளுக்கொரு பார்வை என்று கரைத்துவிட்டால் லாபம் எரித்தவனுக்குத்தான். ஆனால் லெவினாஸும் தெரிதாவும் எழுதியது அதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. உண்மை இல்லை என்பது ஒரு பேச்சு, உண்மை முழுவதும் என் பையில் இருக்கிறது என்று எவனும் சொல்ல முடியாது என்பது வேறு பேச்சு. முதலாவது வலியவனுக்கு உதவும், இரண்டாவது அவன் பையைத் திறந்து காட்டச் சொல்லும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிய மேடைகள் நிறைய இருந்தன. அந்தப் பழியைப் பின்நவீனத்துவவாதிகள் சுமக்கத்தான் வேண்டும்.

தலித் இறையியலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் தாய் பிள்ளை உறவு அல்ல. 1980களின் தொடக்கத்தில் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் எழுப்பிய கேள்விக்கு பாரிஸ் தேவைப்படவில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளாக இருக்க, இந்தியக் கிறிஸ்தவ இறையியல் ஏன் வேதாந்தத்தோடு மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறது? அதுதான் கேள்வி. பின்னர் சென்னை குருகுலம் லூத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கென ஒரு துறையே வந்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டார் மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் கட்டினார். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடினால்தான் பக்தி என்று பழகியிருந்த காதுகளுக்கு அது ஓர் உலுக்கல். 1998இல் சத்தியநாதன் கிளார்க், பறையர் சமூகத்தின் பறையைக் கிறிஸ்துவைப் பேசும் குறியீடாக எடுத்தார். எழுதப்பட்ட வேதம் மறுக்கப்பட்டவர்களின் வேதம் தோலில் அதிர்கிறது என்பது அதன் உட்பொருள்.

இலங்கையில் பிறந்து பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஆர். எஸ். சுகிர்தராஜா, 1991இல் வெளியிட்ட தொகுப்பின் மூலம் விளிம்புகளிலிருந்து பைபிளை வாசிப்பதை உலகக் கல்விப்புலத்துக்குள் கொண்டுவந்தார். அவரைக் காலனிய ஆட்சி விட்டுச்சென்ற பார்வைகளை விசாரிக்கும் பின்காலனியச் சிந்தனையாளர் என்பதே சரி. மையத்தைச் சந்தேகிப்பது வரை பின்காலனியம், பின்நவீனம் என்ற இரண்டு வழியும் ஒன்றாக வருகின்றன, பிறகு பிரிகின்றன. தன்னிலை என்பதே ஒரு புனைவு என்று பின்நவீனம் சொன்னபோது, பெண்ணியவாதிகளும் தலித் சிந்தனையாளர்களும் கேட்டார்கள்: நூற்றாண்டுகள் போராடி நாங்கள் நான் என்று சொல்லத் தொடங்கிய நேரத்தில்தானா, நான் என்பது இல்லை என்று உங்களுக்குத் தெரியவந்தது? இதற்கு நல்ல பதிலை நான் இன்னும் எங்கும் படிக்கவில்லை.

இது கிறிஸ்தவர்களின் விவகாரம்தானே? மற்றவர்களுக்கு இதில் என்ன?

பேச்சின் பெரும்பகுதி கிறிஸ்தவ, யூத உலகத்தில்தான் நடந்தது. மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எல்லாரையும் தொடும். மதம் என்ற பெட்டியே எங்கிருந்து வந்தது? 1962இல் மத ஆய்வாளர் வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித்தும் 1993இல் மானுடவியலாளர் தலால் அசத்தும், மதம் என்று இன்று நாம் புரிந்துகொள்வது, அதாவது நம்பிக்கைகளின் தொகுப்பு, அரசியலிலிருந்து பிரிந்த தனி அறை, ஐரோப்பிய வரலாற்றில் உருவானது என்று காட்டினார்கள். நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு, வேளாங்கண்ணிக்கு நடந்து போய், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் குடும்பத்தை இந்தப் பெட்டிகளில் எதில் வைப்பது? அந்தக் குடும்பத்துக்குக் குழப்பம் எதுவும் இல்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பச் சொல்லும்போதுதான் குழப்பம் வருகிறது.

பிரசங்கம் செய்கிறவருக்கு, வேதபாடம் நடத்துகிறவருக்கு இதனால் கைக்கு என்ன கிடைக்கும்?

ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். ஆதியாகமம் 16ஆம் அதிகாரம். ஆபிராமின் மனைவி சாராய்க்குப் பிள்ளை இல்லை. எகிப்திய அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுக்கிறாள். ஆகார் கர்ப்பமானதும் கொடுமைப்படுத்துகிறாள். ஆகார் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். வழக்கமாக இந்தப் பகுதியில் நாம் கேட்பது ஆபிராமின் அவசரம், சாராயின் பொறுமையின்மை, வாக்குத்தத்தத்துக்குக் காத்திருத்தல். ஆகார் அவர்கள் கதையில் ஓர் இடறல். பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது அவளை அடிமைத்தனத்தின் உருவகமாக்கிவிடுகிறார்.

இப்போது அவள் பக்கத்திலிருந்து வாசியுங்கள். கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரெஸ் வில்லியம்ஸ் 1993இல் அப்படித்தான் வாசித்தார். அவள் உடலை யாரும் அவளிடம் கேட்காமல் கொடுத்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். பைபிளில் கடவுளுக்குப் பெயர் வைக்கும் முதல் ஆள் அவள்தான்: நீர் என்னைக் காண்கிற தேவன். பார்ப்பதையும் பார்க்கப்படுவதையும் பற்றி மாரியோன் எழுதிய பக்கங்களெல்லாம் ஓர் அடிமைப்பெண்ணின் இந்த ஒற்றை வாக்கியத்தில் இருக்கின்றன. அதே கடவுளின் தூதன் அவளைத் திரும்பிப் போய் எஜமானிக்கு அடங்கியிரு என்றும் சொல்கிறான். அதை மழுப்ப வேண்டாம். வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் நம் எதிரே உட்கார்ந்து இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இந்த வசனத்தை எப்படி விளக்குவோம் என்று முந்தைய நாள் இரவே யோசித்துவிட்டுப் போவது, நாம் தயாரிக்க வேண்டிய பிரசங்கத்தின் பாதி.

அதிகாரம் 21இல் அவளை மறுபடியும், இந்த முறை பிள்ளையோடு, அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம் நம் வேதபாடம் ஈசாக்கின் பின்னால் போய்விடும். ஆனால் அவளை விடாமல் பிடித்துக்கொண்ட இன்னொரு மரபு இருக்கிறது. இஸ்லாமிய மரபில் அவள் ஹாஜரா. மகனுக்குத் தண்ணீர் தேடி ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே அவள் ஓடிய ஓட்டத்தை, மக்காவுக்குப் போகிற ஆணும் பெண்ணும், அரசனும் கூலியும், இன்றும் ஏழு முறை கடந்து நிறைவேற்றுகிறார்கள்.